தீவிலிருந்து ஒரு கோடைப் பயிற்சி

பெருந்தொகை கேட்கும் கோடை முகாம்களின் விளம்பரங்கள் ஆண்டுதோறும் வருகின்றன. பணம் கட்டிய எவரையும் சேர்த்துக்கொள்ளும் முகாமைவிட, கட்டணமின்றித் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முகாமே மேல் என்பது எங்கள் கருத்து.

இஸ்ரோ 2019இல் தொடங்கிய ‘யுவிகா’ அத்தகையது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் இஸ்ரோ மையத்தில் தங்கிப் பயிலலாம். உணவு, உறைவிடம், பாடக் குறிப்புகள் எதற்கும் கட்டணமில்லை. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணே தேர்வில் பெரும்பங்கு வகிக்கிறது. ஊராட்சிப் பகுதிப் பள்ளிகளில் பயில்வோருக்குத் தனி மதிப்பெண் உண்டு. டிக்லிப்பூர், ரங்கத் பக்கத்துப் பெற்றோர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

சிக்கல் பயணத்தில்தான். பயணப்படி பற்றிய விதி ரயில், பேருந்துக் கட்டணங்களைப் பேசுகிறது. அந்தமானிலோ ரயிலே இல்லை! சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள். மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழையும் தீவுகளை எட்டிவிடும். ஆகவே கப்பல் அல்லது விமானச் செலவு கிடைக்குமா என்பதை விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள். திரும்பும் கப்பலுக்காகச் சென்னையில் காத்திருக்கும் நாட்களுக்கும் செலவுண்டு. பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், அத்தொகை அப்போது கைகொடுக்கும்.

இடம் கிடைக்காதவர்களுக்கு வண்டூர் அருகிலேயே இருக்கிறது. அங்குள்ள மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவின் பவளப் பாறைகளைக் காண அயல்நாட்டினரும் வருகின்றனர். பள்ளி வழியாகக் களப்பயணம் கேட்டுப் பார்க்கலாம்.

யுவிகா விண்ணப்பம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பெறப்படுகிறது. அவ்வாண்டைத் தவறவிட்டால், பத்தாம் வகுப்பில் விண்ணப்பிக்க வழியில்லை.