செத்த செடியை நடும் பிள்ளைகள்

மரம் நடு விழாக்கள் நீங்கள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள். குழி தோண்டி, அதில் காய்ந்த கிளையை நட்டு, மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, திருப்தியோடு நிமிரும் வாலிபர்களைப் பார்த்ததுண்டா? அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்து மொஹாவி பாலைவனத்தில் இந்த விந்தை நடக்கிறது. நடுகிறவர்கள் காலேஜ் படிப்பை முடித்த பிள்ளைகளும் பெண்களும். பைத்தியம் ஒன்றுமில்லை, பயிற்சி!

பாலைவனம் என்றதும் மணல் மேடும் ஒட்டகமும்தானே நம் மனக்கண்ணில் வருகின்றன? மொஹாவியின் பெரும்பாகம் அப்படியல்ல. சரளைக் கல் நிறைந்த கட்டாந்தரை. இடையிடையே இடுப்புயரப் புதர்கள். அந்தத் தரைக்கு ஒரு மெல்லிய மேல்தோல் உண்டு. கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணுயிர்களும் பாசியும் பின்னிக்கொண்டு, மண் காற்றில் பறந்துவிடாமல் காக்கின்றன. மோட்டார் சைக்கிள் ஒரு தடவை ஓடினால் போதும், தோல் கிழிந்துவிடும். ஆறுவதற்கு எத்தனை காலம் என்கிறீர்களா? 1942-ல் ஜெனரல் பாட்டன் தம் டாங்கிப் படையை அங்கே பழக்கினார். அந்தத் தடங்கள் சில இடங்களில் இன்றும் தெரிகின்றன!

தடம் தெரிகிறதே, அதுதான் வினை. ஒருவன் போன சுவட்டைப் பாதை என்று நினைத்து இன்னொருவன் போவான். அவன் பின்னால் பத்துப் பேர். 1994-ல் வந்த ஒரு சட்டம் கலிபோர்னியப் பாலைவனங்களில் அறுபதுக்கு மேற்பட்ட பகுதிகளில் மோட்டார் வண்டியே நுழையக் கூடாது என்றது. ஆனால் பலகையில் எழுதி வைத்தால் யார் கேட்கிறார்கள்? ஆகையால் பாதையையே மறைத்துவிடுவது என்று தீர்மானித்தார்கள்.

காய்ந்த கிளைகளின் ரகசியம் இதுதான். உயிருள்ள புதர் போலத் தோன்றும்படி அவற்றைத் தடத்தின் நடுவே செங்குத்தாக நடுகிறார்கள். இறுகிய மண்ணைக் கிளறிச் சிறு குழிகள் செய்கிறார்கள். கல்லைப் புரட்டி வைப்பதிலும் கணக்கு உண்டு: வெயிலில் கறுத்த முகம் மேலே இருக்க வேண்டும், வெளுத்த அடிப்பக்கம் தெரிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்! தடம் முழுவதையும் மறைப்பதில்லை. சாலையிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரம் மட்டும். மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும். நட்ட சுள்ளியின் காலடியில் காற்று கொண்டு வரும் விதை தங்கும், சிறிது நிழல் விழும், என்றோ பெய்யும் மழைநீர் தேங்கும். செத்த செடி உயிருள்ள செடிக்குத் தாதியாகிறது.

எல்லாம் கைவேலை. மண்வெட்டி, கடப்பாறை, கைரம்பம். கூடாரத்தில் படுக்கை. குடிநீரைக் கூடவே கொண்டுபோக வேண்டும்.

இம்மாதிரிப் பயிற்சிக்கு வித்திட்டவரும் ஒரு மாணவிதான். எலிசபெத் கஷ்மன் என்ற பெண், தேசியப் பூங்காக்கள் ஆளும் பணமும் இல்லாமல் சீரழிவதைப் பற்றிப் படித்துவிட்டு, மாணவர்களே அந்த வேலையைச் செய்தால் என்ன என்று 1955-ல் கல்லூரிக் கட்டுரை ஒன்று எழுதினார். கட்டுரையோடு நிற்கவில்லை, 1957-ல் முதல் மாணவர் கோஷ்டி பூங்காக்களில் இறங்கிவிட்டது. அவர் தொடங்கிய சங்கம்தான் பிற்காலத்தில் மொஹாவிக்கும் படை அனுப்பியது.

‘சம்பளம் உண்டா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பல இடங்களில் தங்க இடமும் செலவுக்குச் சிறு தொகையும் தருகிறார்கள். சில இடங்களில் அதுவும் இல்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆறு மாதம் பாலைவனத்தில் இருந்துவிட்டு வரலாம். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளை என்ன செய்வான்? சோறும் கூலியும் கொடுக்காத பயிற்சி, பணக்காரருக்கு மட்டும் திறந்த கதவு என்றே எனக்குப் படுகிறது.

அங்கே போகிறவர்கள் முதலில் கற்கும் பாடம், கையைக் கட்டிக்கொண்டிருப்பது. மொஹாவியில் ஒரு வகை ஆமை உண்டு. வாழ்நாளில் பெரும்பகுதியை வளைக்குள்ளேயே கழிக்கும். 1990-ல் அதை ஆபத்துக்குள்ளான பிராணிகளின் ஜாபிதாவில் சேர்த்தார்கள். அதைத் தூக்கினால் பயத்தில் சிறுநீரை விட்டுவிடும். பைக்குள் மாதக்கணக்கில் சேமித்த தண்ணீர் அது. போய்விட்டால் அடுத்த மழைக்குள் பிராணனும் போகலாம். நிறுத்திய வண்டியின் நிழலில் வந்து ஒண்டிக்கொள்ளும் வழக்கமும் அதற்கு உண்டு. ஆகவே, மாலையில் எவ்வளவு களைத்திருந்தாலும், இந்தப் பிள்ளைகள் குனிந்து நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் பார்த்த பிறகுதான் வண்டியைக் கிளப்ப வேண்டும். ஆமை இருந்தால்? அதுவாக எழுந்து போகும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்!