ஒரு சுளை டுரியானும் பதினாறு ஆண்டுப் படிப்பும்

ஜூன், ஜூலை மாதங்களில் பாலிக் புலாவ் பக்கம் போயிருக்கிறீர்களா? மலைச்சாலையில் வளைந்து வளைந்து இறங்கும்போதே டுரியான் வாசம் வண்டிக்குள் வந்துவிடும். சாலையோரக் கடைக்காரர் பழத்தைப் பிளந்து நீட்டுகிறார். உங்களோடு வந்த தாத்தாவும் கை நீட்டுகிறார். அவர் வாரத்தில் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்குப் போய் வருபவர் என்று வைத்துக்கொள்வோம். "உங்களுக்கு ஆகாதுங்க" என்று பாட்டி தடுக்கிறார். "ஒரே ஒரு சுளைதானே" என்கிறார் தாத்தா.

யார் சொல்வது சரி? சின்னக் கேள்விதான். ஆனால் இதற்குச் சரியாகப் பதில் சொல்ல ஒருவர் பள்ளியை விட்டு வந்தபின் ஏறக்குறைய பதினாறு ஆண்டு படிக்கிறார், பயிற்சி பெறுகிறார். அவர்தான் சிறுநீரக மருத்துவ நிபுணர்.

முதலில் டுரியானைப் பார்ப்போம். 100 கிராம் டுரியானில் சுமார் 430 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நீங்களும் நானும் எவ்வளவு தின்றாலும் சிறுநீரகம் மிகுதியை வெளியே அனுப்பிவிடும். நம் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான் இருக்க வேண்டும். 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறும், நின்றும் போகலாம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் அளவோடு நிறுத்திக்கொள்ளும்படி பொதுவாகச் சொல்வார்கள். 300 கிராம் டுரியான் சாப்பிட்டால் அதில் பாதிக்கு மேல் தீர்ந்தது. சோறு, குழம்பு, காய்கறி எல்லாம் அதற்குப் பிறகுதானே வருகிறது!

படிவம் 4 உயிரியல் பாடத்தில் நெஃப்ரானைப் படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். ஒரு சிறுநீரகத்தில் அப்படி ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து நாளொன்றுக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் 178 லிட்டருக்கு மேல் திரும்ப ரத்தத்துக்கே போய்விடும். மிஞ்சும் ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீர். இந்த வேலை இரவு பகலாக நடக்கிறது. டயாலிசிஸ் இயந்திரமோ வாரத்துக்கு 12 மணி நேரம்தான் வேலை செய்கிறது. அந்த இடைவெளியில் நோயாளியைப் பாதுகாப்பதுதான் நிபுணரின் பெரும்பாடு.

அந்த நிபுணர் எப்படி உருவாகிறார்? எஸ்.பி.எம். முடித்து மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். அடுத்து ஐந்து ஆண்டு மருத்துவப் படிப்பு. பிறகு மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பயிற்சி மருத்துவர். 'ஹவுஸ்மேன்' என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், தூக்கம் குறைந்த காலம் அது. அதன்பின் பொது மருத்துவத்தில் நிபுணத்துவம் பெற வேண்டும். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு முதுகலைப் பட்டம் ஒரு வழி, பிரிட்டனின் எம்.ஆர்.சி.பி. தேர்வுகள் இன்னொரு வழி. அதன்பிறகும் கொஞ்ச காலம் மேற்பார்வையில் வேலை பார்த்த பிறகுதான் பொது மருத்துவ நிபுணராக அரசிதழில் பெயர் வரும். பலர் இங்கேயே நின்றுவிடுவார்கள். சிறுநீரகம்தான் வேண்டும் என்பவர் மேலும் மூன்று ஆண்டு துணை நிபுணத்துவப் பயிற்சியில் சேர்கிறார். வெளிநாடுகளில் இதை 'ஃபெலோஷிப்' என்பார்கள்.

இந்த மூன்று ஆண்டுகளும் வகுப்பறையில் போவதில்லை, பெரும்பாலும் நோயாளியின் கட்டில் ஓரத்தில்தான் போகின்றன. சிறுநீரகத் திசு எடுக்கும் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி குப்புறப் படுத்திருப்பார். அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி முதுகுப் பக்கமாக ஊசியைச் செலுத்த வேண்டும். மூச்சு விட்டால் சிறுநீரகம் மேலும் கீழும் நகரும், அதனால் "மூச்சைப் பிடிங்க" என்று சொல்லி, அந்தச் சில நொடிக்குள் நூல் போன்ற ஒரு துண்டை எடுத்துவிட வேண்டும். சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டம் மிக அதிகம், கொஞ்சம் பிசகினால் ரத்தக்கசிவுதான். அதனால்தான் எடுத்து முடித்த பிறகும் நோயாளியை மணிக்கணக்கில் படுக்கவைத்துக் கண்காணிக்கிறார்கள். 1951-இல் டென்மார்க்கின் இவர்சன், புருன் என்ற இருவர் இப்படி ஊசியால் திசு எடுத்துக் காட்டினார்கள். அல்ட்ராசவுண்ட் அப்போது ஏது? நினைத்தாலே எனக்குக் கை நடுங்குகிறது.

ஊசி குத்தப் பழகினால் மட்டும் போதாது. அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்து இது நீரிழிவின் வேலையா, உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுநீரகத்தைத் தாக்குகிறதா என்று நோய்க்கூறு நிபுணரோடு அமர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு. கழுத்து ரத்தக்குழாயில் டயாலிசிஸ் குழாய் பொருத்தவும் பழக வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் மருந்தைக் கூட்டவா குறைக்கவா என்பது இன்னொரு தலைவலி. குறைத்தால் உடல் அந்தச் சிறுநீரகத்தை நிராகரிக்கும், கூட்டினால் கிருமித் தொற்று.

டயாலிசிஸுக்கும் மருந்துச்சீட்டு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ரத்தத்தை நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஓட்டுவது, கரைசலில் பொட்டாசியம் எவ்வளவு வைப்பது, உடலிலிருந்து எவ்வளவு நீரை எடுப்பது என்று ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு. கரைசல் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் ஓடினால் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் தூய நீர் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

இதில் ஒரு வியப்பு, இந்தத் துறைக்கு வயது அதிகமில்லை. 1943-இல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப், சாசேஜ் தோலாகப் பயன்படும் செல்லோஃபேன் குழாயை உருளையில் சுற்றி முதல் செயற்கைச் சிறுநீரகத்தை ஓட்டினார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் ஒரு டெஃப்லான் குழாயைக் கையில் நிரந்தரமாகப் பொருத்தி, அதே நோயாளிக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய வழி கண்டார். அவருடைய நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன்பின் 11 ஆண்டு உயிர் வாழ்ந்தார். உலக சிறுநீரகவியல் சங்கம் தொடங்கியதும் அதே 1960-இல்தான். நம் நாட்டின் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1975 டிசம்பரில் கோலாலம்பூர் மருத்துவமனையில் நடந்தது. அந்தக் காலத்தில் இத்துறையில் பயிற்சி வேண்டுமென்றால் கப்பலோ விமானமோ ஏறித்தான் ஆக வேண்டும்.

அப்படி வெளிநாட்டில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களில் ஒருவர் சென்னையின் டாக்டர் எம்.கே. மணி. டயாலிசிஸிலும் மாற்று அறுவை சிகிச்சையிலும் பெயர் பெற்றவர். ஆனால் என்னைக் கவர்ந்தது அவர் சென்னைக்கு அருகில் உள்ள கிராமங்களில் செய்த வேலை. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். சிறுநீரில் சர்க்கரை, புரதம் இருக்கிறதா என்று சோதித்து, ரத்த அழுத்தம் பார்ப்பது அவர்கள் வேலை. கோளாறு தெரிந்தவர்களுக்கு விலை மலிவான மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. இத்தனை ஆண்டு படித்த நிபுணர், தன்னிடம் நோயாளிகள் வராமலிருக்க வழி தேடியிருக்கிறார்!

மலேசியாவில் இந்தத் தேடல் இப்போது அவசரமாகிவிட்டது. நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ள பெரியவர்களின் விகிதம் 2011-இல் சுமார் 9 விழுக்காடு, 2018-இல் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. டயாலிசிஸில் இருப்பவர்கள் 50,000-க்கும் மேல். புதிதாகச் சேர்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவே காரணம். தே தாரிக்கும் சிராப் பாண்டோங்கும் நம் மேசையில் எத்தனை முறை வருகின்றன என்று இந்த வாரம் எண்ணிப் பாருங்களேன்.

சரி, தாத்தா இன்னும் கடையில்தான் நிற்கிறார். டுரியான் வேண்டாமென்று பெலிம்பிங் பழத்தைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். அது இன்னும் மோசம். நட்சத்திர வடிவில் அழகாக இருக்கும் அந்தப் பழத்தில் கேரம்பாக்சின் என்ற நரம்பு நஞ்சு இருப்பதை பிரேசில் அறிவியலாளர்கள் 2013-இல் கண்டறிந்தார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். செயலிழந்த சிறுநீரகத்தால் முடியாது. விக்கல் நிற்காமல் தொடங்கும், பிறகு குழப்பம், வலிப்பு, சிலருக்கு மரணம். நிற்காத விக்கலோடு ஒரு சிறுநீரக நோயாளி வந்தால், பயிற்சி பெற்றவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று, "என்ன பழம் சாப்பிட்டீங்க?"

டுரியானுக்கு வருவோம். வாரம் மூன்று முறை இயந்திரத்துக்குப் போகும் தாத்தாவைப் பொறுத்தவரை பாட்டி சொல்வதே சரி, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் அனுமதித்தால் தவிர. ஆனால் பக்கத்து வீட்டுத் தாத்தா வீட்டிலேயே வயிற்றுக்குள் கரைசல் விட்டு எடுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என்றால் கதை மாறுகிறது. அந்த முறையில் நாள்தோறும் பொட்டாசியம் வெளியேறுவதால் சிலருக்கு அது தேவைக்கும் கீழே போய்விடும். அவருக்கு இனிப்புநீர் இல்லையென்றால், "ஒரு சுளை சாப்பிடுங்க, பரவாயில்லை" என்று மருத்துவரே சொல்லக்கூடும்.