மாலைதீவில் ஆங்கிலம் கற்பிக்கப் போனவர்களும் பொல்லாத முதலாளிகளும்

2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது அரச ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுத்து வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்று அரசாங்கம் சுற்றறிக்கை வெளியிட்டது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே எங்கள் ஆசிரியர்களுக்குப் பழகிய ஒரு பாதை இருக்கிறது. அது மாலைதீவு. கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். அங்குள்ள பாடசாலைகளில் திவேகி மொழியும் இஸ்லாமும் தவிர மற்றப் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. உள்ளூர் ஆசிரியர்கள் போதாத இடங்களை இந்தியர்களும் இலங்கையர்களும் நிரப்புகிறார்கள்.

தொழில் தேடிப் புலம்பெயர்பவர்களைப் பற்றி எழுதி வருவதால், வடக்கிலும் கிழக்கிலுமிருந்து அங்கு ஆங்கிலம் கற்பிக்கப் போய் வந்த சிலருடன் கதைக்க வாய்த்தது. பிள்ளைகளைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. குறையெல்லாம் வேலைக்கு எடுத்தவர்களைப் பற்றியது. சம்பளம் பிந்துவது, சொன்ன பாடவேளை ஒன்று கொடுக்கும் பாடவேளை இன்னொன்றாக இருப்பது, ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் முன்னால் ஏசுவது, கடவுச்சீட்டை வாங்கிப் பூட்டி வைப்பது. எல்லோரும் இவற்றை ஒரே மூச்சில் சொன்னார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். இவை ஒரே வகையான பிரச்சினைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் விளங்கும்.

முதலாவது, அந்த நாட்டின் ஒழுங்கு. மாலைதீவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நோன்பு மாதத்தில் நேரசூசி மாறும், பகலில் பொது இடத்தில் சாப்பிட முடியாது. இஸ்லாம் அரச மதம். வேறு மத வழிபாட்டைப் பொதுவில் நடத்த முடியாது, வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டு போகவும் சட்டம் இடம் தராது. கோயிலோடும் தேவாலயத்தோடும் வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இது கனக்கும். ஆனால் இது முதலாளியின் கொடுமை அல்ல. அதிபருடன் இதைப் பற்றி வாதாடிப் பயனில்லை. போவதா இல்லையா என்று இங்கிருக்கும்போதே முடிவெடுக்க வேண்டிய விடயம் இது.

இரண்டாவது, ஆளின் குணம். வகுப்பின் நடுவில் புகுந்து திருத்துகிற அதிபர், இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் வேலை அனுப்புகிற மேற்பார்வையாளர், நன்றி சொல்லத் தெரியாத முதலாளி. மனம் நோகும், ஆனால் எந்த நியாய சபையும் இதற்குத் தீர்ப்பு எழுதாது. இதற்கு வேண்டியது பொறுமையும் எல்லையும். இரவுச் செய்திக்குக் காலையில் மரியாதையாகப் பதில் அனுப்புவது, ஏசும்போது திரும்பக் கத்தாமல் பிறகு தனியே கேட்பது, உள்ளூர் ஆசிரியர் ஒருவரையாவது நட்பாக்கிக்கொள்வது. மட்டக்களப்பைச் சேர்ந்த ஓர் ஆசிரியை முதல் தவணை முழுக்க அதிபரின் கோபத்துக்குப் பயந்திருக்கிறார். பெற்றோர் அதிபரை நெருக்கும் நாட்களில்தான் அவர் ஆசிரியர்களை ஏசுகிறார் என்று உள்ளூர் ஆசிரியை ஒருவர் சொன்ன பிறகு, பயிற்சிக் கொப்பிகளைத் திருத்தும் பதிவை ஒவ்வொரு வியாழனும் தானாகவே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார். ஏச்சு நிற்கவில்லை. ஆனால் அவர் பக்கம் வருவது குறைந்தது.

மூன்றாவது, சட்டமீறல். இங்கேதான் பொறுமை காட்டக்கூடாது.

மாலைதீவின் தொழில் சட்டம் 2008ஆம் ஆண்டு வந்தது. அதில் எங்கள் ஆசிரியர்கள் மனதில் வைத்திருக்க வேண்டியவை சில. வேலை உடன்படிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். தகுதிகாண் காலம் மூன்று மாதத்தைத் தாண்டக்கூடாது. வாரத்துக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் சாதாரண வேலை வாங்க முடியாது. மேலதிக நேரம் உடன்படிக்கைப்படிதான், அதற்குத் தனிக் கொடுப்பனவும் உண்டு. ஒரு வருடம் முடித்தவருக்கு 30 நாள் சம்பளத்துடனான விடுமுறை இருக்கிறது. சம்பளம் குறைந்தது மாதம் ஒரு முறை கொடுபட வேண்டும். நியாயமான காரணம் இல்லாமல் வேலையிலிருந்து நிறுத்த முடியாது. இந்த உரிமைகள் வெளிநாட்டவருக்கும் உரியவை. கடவுச்சீட்டை முதலாளி பிடித்து வைத்திருப்பதையும் அந்நாட்டு விதிகள் அனுமதிக்கவில்லை, நடைமுறையில் அது பரவலாக நடந்தாலும்.

இவ்வளவு இருந்தும் ஏன் எங்கள் ஆட்கள் பேசாமல் இருக்கிறார்கள்? கடன் ஒரு காரணம். முகவருக்குக் கொடுக்க நகையை அடகு வைத்துப் போனவர், திரும்பி வந்தால் வட்டியை யார் கட்டுவது என்று யோசிப்பார். விசா இன்னொரு காரணம். வேலை அனுமதி அந்த ஒரு முதலாளியின் பெயரில்தான் இருக்கிறது. முறைப்படி விடுவிக்கப்படாமல் வேறு இடத்துக்கு மாறினால், அன்றிலிருந்து அவர் ஆவணமற்றவர். அதோடு அங்கே பல பாடசாலைகள் சின்னஞ்சிறு தீவுகளில் இருக்கின்றன. சுமார் 1,200 தீவுகளில் மக்கள் வாழ்வது 200க்கும் குறைவானவற்றில். ஒரு தீவில் ஒரு பாடசாலை, நாலு கடை, மாலேக்குப் போகப் படகு. அதிபரோடு முரண்பட்டால் மாலையில் கடற்கரையிலும் அவரைத்தான் காண வேண்டும்.

இவை எந்த நாட்டு ஆசிரியருக்கும் பொருந்தும். எங்களுக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் இருக்கிறது. அதிகாரத்தில் இருப்பவர் முன் தலையைக் குனிந்து, கேட்டதைக் கொடுத்து, கண்ணில் படாமல் இருப்பதே உயிர் தப்பும் வழி என்று சோதனைச்சாவடிகளும் முகாம்களும் ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தன. அடையாள அட்டையைக் கேட்டால் கொடுத்துவிட்டு நிற்பது பழக்கமாகிவிட்டது. முறைப்பாடு என்ற சொல்லிலும் எங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. எத்தனை ஆணைக்குழுக்களுக்கு முன்னால் எத்தனை தாய்மார் அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்? இந்த அனுபவத்தோடு வளர்ந்த ஒருவர், மாலேயில் ஒரு தொழில் நியாய சபை இருக்கிறது என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சம்பளம் தராத ஒரு முதலாளி ஓர் அரசு அல்ல. அவர் தனக்கு மேலே உள்ள அமைச்சுக்கும், தனது வெளிநாட்டு ஆட்களுக்கான அனுமதிக்கும் பயப்படுகிறவர். எழுதப்பட்ட ஒரு தாள் அவரை அசைக்கும்.

ஆகவே தாளிலிருந்து தொடங்குவோம்.

போவதற்கு முன்: மாலைதீவு வந்திறங்கியதும் 30 நாள் சுற்றுலா விசா கொடுக்கிறது. அதிலேயே போங்கள், அங்கே மாற்றித் தருவோம் என்று சொல்லும் முகவர்கள் உண்டு. சுற்றுலா விசாவில் வகுப்பில் நின்றால் சட்டத்தை மீறியவர் நீங்கள். அதன் பிறகு முதலாளி என்ன செய்தாலும் வாய் திறக்க முடியாது. வேலை அனுமதி கையில் வந்த பிறகே விமானச்சீட்டு. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். முகவரின் அனுமதிப்பத்திரம் உண்மையானதா என்பதையும் அங்கேயே கேட்கலாம். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989.

உடன்படிக்கையில் பார்க்க வேண்டியது சம்பளத் தொகையை மட்டுமல்ல. எந்த நாணயத்தில் தருவார்கள்? மாலைதீவில் ஒரு டொலர் 15.42 ருஃபியா என்பது அரச வீதம். ஆனால் வங்கியில் அந்த விலைக்கு டொலர் கிடைப்பது எளிதல்ல. வெளியில் வாங்கினால் கூடக் கொடுக்க வேண்டும். ருஃபியாவில் பெரிதாகத் தெரியும் சம்பளம் வீட்டுக்கு வந்து சேரும்போது சுருங்கும். தங்குமிடம் யார் செலவு, தனி அறையா, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, வருட முடிவில் விமானச்சீட்டு யார் எடுப்பது, இவையும் எழுத்தில் இருக்க வேண்டும். முதலாளி யார் என்பதையும் பாருங்கள். அரச பாடசாலை என்றால் அதிபர் உங்கள் முதலாளி அல்ல, அவருக்கு மேலே அமைச்சு இருக்கிறது. தனியார் பாடசாலை அல்லது ரியூசன் நிலையம் என்றால் ஏசுகிறவரும் சம்பளம் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

போன பின்: இறங்கியதும் வேறோர் உடன்படிக்கையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது பழைய தந்திரம். வாசிக்க ஒரு நாள் தாருங்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு இல்லை. பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

கடவுச்சீட்டை விசா அலுவலுக்குக் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கொடுத்த அன்றே, இன்ன திகதியில் இன்ன தேவைக்காகக் கொடுத்தேன், முடிந்ததும் திருப்பித் தாருங்கள் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கல்விச் சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைக் காட்டுங்கள், விட்டுவிட்டு வராதீர்கள். 2009இல் எல்லாவற்றையும் விட்டு ஓடி, பிறகு பரீட்சைத் திணைக்களத்துக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் நடையாய் நடந்து சான்றிதழ்களை மீட்டவர்களுக்கு ஒரு மூலப்பிரதியின் பெறுமதியைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கொப்பியில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: வந்த நேரம், போன நேரம், எடுத்த பாடவேளை, சம்பளம் வந்த திகதி. வாயால் சொல்லப்பட்டதை எழுத்தாக்குங்கள். சம்பளம் அடுத்த மாதம் சேர்த்துத் தருவேன் என்று முதலாளி சொன்னால், நீங்கள் இன்று சொன்னபடி அடுத்த மாதம் இரண்டு மாதச் சம்பளமும் கிடைக்கும் என எதிர்பார்க்கிறேன், நன்றி என்று அன்று மாலையே ஒரு செய்தி. கோபம் வேண்டாம், சட்ட இலக்கமும் வேண்டாம். கிளிநொச்சி ஆசிரியர் ஒருவர் இப்படி மூன்று செய்திகள் அனுப்பினார். மூன்றாவதுக்குப் பிறகு நிலுவை முழுவதும் வந்தது. முதலாளிக்கு அவர் மேல் அன்பு கூடியதால் அல்ல, எழுத்தில் ஒரு வரிசை உருவாகிறது என்று தெரிந்ததால்.

அப்படியும் நடக்காவிட்டால், அங்குள்ள தொழில் உறவுகள் அதிகார சபையிடம் போகலாம். அது முதலில் இணக்கம் காண முயலும். வேலையிலிருந்து நியாயமின்றி நிறுத்தப்பட்டால் தொழில் நியாய சபை. இங்கே காலம் முக்கியம்: நிறுத்தப்பட்டு மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும். காரணம் நியாயமானது என்று காட்ட வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. ஊருக்கு வந்து ஆறிவிட்டுப் பார்ப்போம் என்று இருந்தால் கதவு சாத்தப்பட்டுவிடும். மாலேயில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்துக்கும் அறிவியுங்கள்.

விட்டுவிட்டு வருவதும் தோல்வி அல்ல. ஆனால் இரவோடிரவாக ஓடி வருவதற்கும் முறையாக விலகுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கும் ஐந்து வருடத்துக்கும் இடைப்பட்ட சேவைக்கு சட்டப்படி ஒரு மாத முன்னறிவித்தல். ஆறு மாதம் தாண்டி ஒரு வருடத்துக்குள் என்றால் இரண்டு வாரம். கடிதம் கொடுத்து, பிரதியில் கையொப்பம் வாங்கி, நிலுவையைக் கணக்குப் பார்த்து வந்தவர் அடுத்த பாடசாலைக்கு நிமிர்ந்து போகலாம். உடலுக்கு ஆபத்து, பாலியல் தொந்தரவு என்றால் இந்த ஒழுங்கெல்லாம் பிறகு. முதலில் அந்த இடத்தை விட்டு வெளியேறி, பொலிசுக்கும் உயர்ஸ்தானிகராலயத்துக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை, போனவர்களுக்கு அல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கு. கதைத்த எல்லோரும் வீட்டுக்குச் சொல்லாமல் மறைத்த மாதங்களைப் பற்றிச் சொன்னார்கள். அம்மா அழுவா, ஊர் சிரிக்கும் என்ற பயம். தொலைபேசியில் காசு எப்ப வரும் என்று கேட்கும்போது, கடவுச்சீட்டு உன்னிடம்தானா, இந்த மாதச் சம்பளம் திகதிக்கு வந்ததா என்றும் கேளுங்கள். உடன்படிக்கையின் பிரதி ஒன்று உங்கள் அலுமாரியிலும் இருக்கட்டும். அங்கே யாராவது அவரது கைபேசியைப் பறித்தாலும், 1989க்கு அழைத்து அந்தத் தாளில் உள்ள பெயரையும் முகவரியையும் வாசிக்க இங்கே ஓர் ஆள் இருக்க வேண்டும்.