படிக்க மறுக்கும் டிவிடி: பிம்பக் கோப்புப் பிழைகளும் மீட்கும் வழிகளும்

வீடியோ கேசட்டுக்கும் பென் டிரைவுக்கும் இடைப்பட்ட காலத்தில் தமிழ்க் குடும்பங்களின் திருமணம், காதணி விழா, மணிவிழா, பள்ளி ஆண்டுவிழா ஆகியவற்றின் பதிவுகள் டிவிடியாகவே கைக்கு வந்தன. அந்த வட்டுகள் இன்றும் பீரோவில் ஆல்பங்களுக்கு இடையே கிடக்கின்றன. ஆனால் புதிய மடிக்கணினிகளில் அவற்றைச் செருக இடமில்லை, பழைய டிவிடி பிளேயர்களோ ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. இந்நிலையில் பதிவுகளைக் கணினிக்கு மாற்ற முனைவோர், பாதி வழியில் ஒரு பிழைச்செய்தி தோன்றி வேலை நின்றுபோனதும், வட்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அது அவசர முடிவு. பிழை வட்டில் எழுகிறதா, டிரைவில் எழுகிறதா, நகல் சேரும் இடத்தில் எழுகிறதா என்று பிரித்தறிந்து, அதற்கேற்ற முறையில் முயன்றால், படிக்க முடியாது என்று கைவிடப்பட்ட வட்டிலிருந்தும் பதிவின் பெரும்பகுதியை மீட்க வாய்ப்புண்டு.

பிம்பக் கோப்பு என்பது என்ன?

வட்டிலுள்ள கோப்புகளைத் தனித்தனியே நகலெடுப்பது ஒரு முறை. வட்டின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர்வரை உள்ளதை உள்ளபடியே ஒரே கோப்பாக எடுத்துக்கொள்வது மற்றொரு முறை. செக்டர் என்பது வட்டிலிருந்து தரவைக் கேட்டுப் பெறுவதற்கான மிகச்சிறிய அலகு. டிவிடியில் ஒரு செக்டர் 2,048 பைட் தரவைத் தாங்குகிறது. இரண்டாம் முறையில் கிடைப்பதே பிம்பக் கோப்பு. 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 9660 என்ற தரநிலையின் பெயரால் அது ஐஎஸ்ஓ கோப்பு என்றும் வழங்குகிறது.

வீடியோ டிவிடிக்கு இரண்டாம் முறையே பொருத்தமானது. அத்தகைய வட்டில் ‘வீடியோ டிஎஸ்’ என்ற உறைக்குள் படமும் ஒலியும் ஒவ்வொன்றும் 1 ஜிபிக்கு மிகாத விஓபி கோப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. எந்தக் காட்சி எந்த இடத்தில் தொடங்குகிறது, மெனுவில் எதை அழுத்தினால் எங்கே செல்ல வேண்டும் என்ற வழிகாட்டுத் தகவல் ஐஎஃப்ஓ கோப்புகளிலும், அவற்றின் மறுபிரதி பியூபி கோப்புகளிலும் இருக்கின்றன. பிம்பக் கோப்பு இவை எல்லாவற்றையும் அவற்றின் இடம் மாறாமல் காத்துவைப்பதால், மூல வட்டு பிற்காலத்தில் அழிந்தாலும் அதே அமைப்பில் இன்னொரு வட்டை உருவாக்க இயலும்.

வட்டுக்குள் நடக்கும் கணக்கு

120 மில்லிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட டிவிடி, 0.6 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டிச் செய்யப்பட்டது. தரவு அவற்றின் நடுவே, உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கிச் செல்லும் ஒரே சுருள் தடத்தில் பதிந்திருக்கிறது. அடுத்தடுத்த இரு சுற்றுகளுக்கு இடையே 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியே உள்ளதால், 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் கதிர் மிகத் துல்லியமாகக் குவிந்தால்தான் அதைப் படிக்க முடியும். கடையில் விற்கும் திரைப்பட டிவிடியில் தரவு ஆலையிலேயே குழிகளாக அச்சிடப்படுகிறது. ஸ்டுடியோக்கள் பதிவுசெய்து தந்த டிவிடியிலோ, லேசரின் சூட்டால் நிறம் மாறும் கரிமச் சாயப் படலத்தில் தரவு எழுதப்படுகிறது. அந்தச் சாயம் வெயிலாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் காலப்போக்கில் சிதைவதால், ஒரு கீறலும் விழாத வட்டுகூடப் படிக்க முடியாததாக மாறக்கூடும்.

தூசியும் கீறலும் இருந்தும் வட்டு பெரும்பாலும் ஓடிவிடுவதற்குக் காரணம் அதனுள் அமைந்த பிழைதிருத்தக் கணக்கு ஆகும். டிவிடியில் 16 செக்டர்கள் சேர்ந்து ஒரு தொகுதி ஆகின்றன. தொகுதியின் தரவு 192 வரிசைகளும் 172 நிரல்களும் கொண்ட கட்டமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் 10 பைட்டும் ஒவ்வொரு நிரலுக்கும் 16 பைட்டும் திருத்தத் தகவலாகச் சேர்க்கப்படுகின்றன. குறுக்கெழுத்துப் புதிரில் இடமிருந்து வலமாகச் செல்லும் சொல்லும் மேலிருந்து கீழாகச் செல்லும் சொல்லும் ஒன்றையொன்று உறுதிசெய்வதுபோல, வரிசையில் தெரியாமல்போன பைட்டை நிரலின் துணையால் கணக்கிட்டுவிட முடிகிறது. இவ்வாறு தடத்தின் நீளத்தில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் வரை தொடர்ச்சியாக அழிந்திருந்தாலும் டிரைவ் அதைத் தானே ஈடுசெய்துகொள்ளும். அந்த எல்லையைத் தாண்டும்போது திருத்தக் கணக்கு தோற்று, அந்தத் தொகுதியின் தரவைத் தர இயலாது என்று டிரைவ் அறிவிக்கிறது. விண்டோஸில் ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்று தோன்றும் செய்தி பெரும்பாலும் இந்த நிலையையே குறிக்கிறது.

இழப்பின் அளவை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரு தொகுதி 32,768 பைட் மட்டுமே. நொடிக்கு 50 லட்சம் பிட் வேகத்தில் பதிவான வீடியோவில் அது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குச் சமம். வீடியோவில் ஒரு சட்டகம் முன்னும் பின்னும் உள்ள சட்டகங்களைச் சார்ந்து சேமிக்கப்படுவதால் கலங்கல் அரை நொடி வரை நீளலாமே தவிர, அதற்கு மேல் செல்வது அரிது. ஆயினும் சாதாரண நகலெடுப்பு மென்பொருள் அந்த ஒரு தொகுதி கிடைக்கவில்லை என்பதற்காக இரண்டு மணி நேரப் பதிவு முழுவதையும் கைவிட்டுவிடுகிறது. டிவியில் ஓடும் வட்டு கணினியில் நகலாக மறுப்பதன் காரணமும் இதுவே: பிளேயர் படிக்க முடியாத இடத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறது, நகலெடுக்கும் மென்பொருள் அங்கேயே நின்றுவிடுகிறது.

பிழை எழுந்த இடம்

வட்டுப் பிம்பம் எடுப்பதற்கென்றே அமைந்த மென்பொருள்கள் பிழையோடு ஒரு செக்டர் எண்ணையும் காட்டும். அந்த எண் மிகவும் பயனுள்ளது. எடுத்துக்காட்டாக, 4.7 ஜிபி டிவிடியில் 18,43,200-ஆம் செக்டரில் பிழை என்று வந்தால், அந்த வகை வட்டில் ஏறத்தாழ 23 லட்சம் செக்டர்கள் இருப்பதால், ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே சரியாகப் படிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். தடம் உள்ளிருந்து வெளியே செல்வதால், பிழை எழுந்த இடம் மையத்திலிருந்து சுமார் 53 மில்லிமீட்டர் தொலைவில், அதாவது வட்டின் விளிம்புக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. விரல் ரேகை பெரும்பாலும் படிவது அந்த வளையத்தில்தான்; அதைத் துடைத்த மாத்திரத்தில் பிழை மறைந்துவிடுவதும் உண்டு.

படிக்க முடியாத செக்டர்கள் பதினாறு பதினாறாகச் சேர்ந்து வந்தால் திருத்தத் தொகுதிகள் தோற்கின்றன என்றும், கோளாறு வட்டின் பரப்பிலோ சாயத்திலோ உள்ளது என்றும் கொள்ளலாம். 8.5 ஜிபி கொள்ளும் இரண்டடுக்கு வட்டில் பிழை சரியாக நடுவில் எழுந்தால், லேசர் ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குக் குவியம் மாற்றும் இடத்தில் தடுமாறுகிறது என்று ஐயுறலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் பிழை தோன்றினால் வட்டைவிட டிரைவையே முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கோளாறு வட்டில் இல்லாதபோது

வட்டில் எந்தக் குறையும் இல்லாமலேயே எழும் பிழைகள் சில உண்டு. முதலாவது, நகல் சேரும் இடத்தைப் பற்றியது. பென் டிரைவ்களில் பரவலாக உள்ள எஃப்ஏடி32 என்ற கோப்பு முறைமை 4,29,49,67,295 பைட்டுக்கு மேற்பட்ட ஒரு கோப்பை ஏற்காது. நிரம்பிய டிவிடியின் பிம்பமோ 470 கோடி பைட்டை எட்டுகிறது. இதனால் 64 ஜிபி காலியாக இருந்தாலும் கோப்பு பெரிதாக உள்ளது என்று கணினி மறுத்துவிடும். என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் முறைமை கொண்ட ஹார்ட் டிஸ்கில் பிம்பத்தைச் சேமிப்பதே இதற்குத் தீர்வு.

இரண்டாவது, மின்சாரத்தைப் பற்றியது. யுஎஸ்பி மூலம் இணையும் மெல்லிய டிரைவ்கள் வட்டைச் சுழற்றத் தொடங்கும்போது அதிக மின்னோட்டத்தை இழுக்கின்றன, யுஎஸ்பி 2.0 துளையிலிருந்து அதிகபட்சம் 500 மில்லியாம்பியரே உறுதியாகக் கிடைப்பதால், டிரைவ் நடுவில் இணைப்பிழந்து மீள்வதும், அது படிப்புப் பிழையாகக் காட்சியளிப்பதும் நிகழ்கின்றன. டிரைவை யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் கணினியிலேயே நேரடியாகச் செருகுவதும், தேவையானால் இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் பெறும் கேபிளைப் பயன்படுத்துவதும் நல்லது.

மூன்றாவது, நிறைவு செய்யப்படாத வட்டு. டிவிடியில் நேரடியாகப் பதியும் கேமராக்களிலும் ரெக்கார்டர்களிலும் பதிவு முடிந்தபின் ‘ஃபைனலைஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால்தான் பிற கருவிகளுக்குத் தேவையான முடிவுப் பகுதி வட்டில் எழுதப்படும். அது விடுபட்ட வட்டைக் கணினி வெற்று வட்டாகக் கருதி, இதை எப்படிப் பயன்படுத்த விரும்புகிறீர்கள் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு உடன்படாமல் வட்டை வெளியே எடுத்துவிட வேண்டும். உடன்பட்டால் உள்ளிருக்கும் பதிவின்மேலேயே எழுத நேரிடும். பதிவுசெய்த அதே கருவியில் வட்டை இட்டு நிறைவு செய்வதே முறையான வழி.

நான்காவது, திரைப்பட டிவிடிகளில் உள்ள சிஎஸ்எஸ் என்ற மறையாக்கம். அத்தகைய வட்டில் அனுமதியின்றிப் படிக்க முற்படும்போது, மறையாக்கப்பட்ட செக்டர் என்று டிரைவ் மறுப்பது பழுது அன்று, பாதுகாப்பு ஏற்பாடு. உரிமையை மீறும் நோக்கத்துடன் அத்தகைய பாதுகாப்பை உடைப்பதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு குற்றமாக்குகிறது. குடும்பத்தார் பதிவுசெய்த வட்டுகளில் இந்த மறையாக்கம் இருப்பதில்லை.

படிப்படியாக மீட்கும் முறை

முதற்பணி துடைப்பது. மெல்லிய பருத்தித் துணியால் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கையில் விழும் கீறல் தடத்தின் போக்கிலேயே ஓடித் திருத்தக் கணக்கின் எல்லையைத் தாண்டிவிடும். குறுக்காக விழும் கீறலோ ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழிப்பதால் ஈடுசெய்யத்தக்கது. பற்பசையால் தேய்ப்பது போன்ற கைவைத்தியங்களை, மீட்க முடிந்ததையெல்லாம் மீட்கும்வரை அண்டவிடக் கூடாது.

அடுத்தது வேகத்தைக் குறைப்பது. டிவிடியின் அடிப்படை வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ 1.385 எம்பி தரவு வருவதால் ஒரு வட்டைப் படிக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். 16 மடங்கு வேகத்திலோ வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்றுகள் சுழலுகிறது. வளைந்த அல்லது மங்கிய வட்டுகள் அந்த வேகத்தில் தோற்று, நான்கு மடங்கு வேகத்தில் ஒழுங்காகப் படிக்கப்படுவது உண்டு.

அதற்கும் மசியாத வட்டுக்கு மீட்பு மென்பொருள் வேண்டும். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய, கட்டற்ற மென்பொருளான ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அது பிழை எழுந்த இடத்தில் நிற்காமல் தாண்டிச் சென்று, எளிதில் கிடைக்கும் தரவையெல்லாம் முதலில் சேர்த்துக்கொள்கிறது. பிறகுதான் விடுபட்ட இடங்களுக்குத் திரும்பிவந்து ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாக முயல்கிறது. எந்தப் பகுதி கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை வரைபடக் கோப்பு ஒன்றில் அது குறித்துவைப்பதால், வேலையை இடையில் நிறுத்தி மறுநாள் தொடரலாம். வட்டை வேறொரு டிரைவுக்கு மாற்றி, விடுபட்டவற்றை மட்டும் மீண்டும் கேட்கலாம். ஒரு டிரைவ் படிக்க இயலாத தொகுதியை மற்றொன்று படித்துவிடுவது இயல்பு என்பதால் இந்த வசதி பெரிதும் கைகொடுக்கிறது. அதே வட்டின் மிகச் சரியான இன்னொரு பிரதி உறவினர் வீட்டில் இருந்தால், இரண்டின் நல்ல பகுதிகளையும் ஒரே பிம்பத்தில் இணைக்கவும் முடியும். இதை இயக்கும்போது தொகுதி அளவை 2,048 பைட் என்று அமைக்க வேண்டும். விண்டோஸில் இதையொத்த பணிக்கு ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் பயன்படுகிறது.

எடுத்த பிம்பம் சரியானதா?

நகலெடுப்பு முடிந்துவிட்டது என்ற செய்தியோடு வேலை முடிவதில்லை. பிம்பக் கோப்பின் அளவு 2,048-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் கோப்பு பாதியில் அறுந்திருக்கிறது. பிம்பம் சேதமடைந்துள்ளது என்று கணினி அதைத் திறக்க மறுப்பதற்கு இந்தக் குறைநகலும் ஒரு காரணம். விண்டோஸ் 8 முதலான பதிப்புகளில் கோப்பை இருமுறை சொடுக்கினால் அது ஒரு வட்டுபோலத் திறக்கும். விஎல்சி பிளேயரில் நேரடியாகவும் ஓட்டிப்பார்க்கலாம். தொடக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், பிழை காட்டிய இடங்களையும் கடைசிக் காட்சிகளையும் பார்ப்பது அவசியம்.

அதன்பின் கோப்புக்கு ஷா-256 முறையில் சரிபார்ப்பு எண் கணக்கிட்டு எழுதிவைக்க வேண்டும். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் இந்த 64 இலக்கக் குறியீடு முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், பிம்பத்தை இன்னொரு ஹார்ட் டிஸ்குக்கு மாற்றியபின் இரண்டு எண்களையும் ஒப்பிட்டாலே நகல் பழுதற்றது என்று உறுதிப்படும். பிம்பத்தின் பிரதிகள் இரண்டாவது இருக்க வேண்டும். அவற்றில் ஒன்று வேறொரு வீட்டில் இருப்பது மேலும் நல்லது.

அமெரிக்கத் தரநிலை நிறுவனமான என்ஐஎஸ்டி 2003-இல் வெளியிட்ட வட்டுப் பராமரிப்புக் கையேடு, நீண்டகாலச் சேமிப்புக்கு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையையும் 20 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தையும் பரிந்துரைக்கிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ உள்ள ஒரு வீட்டு அலமாரி ஆண்டின் எந்த மாதத்திலும் அந்த எல்லைக்குள் நிற்பதில்லை. ஆகவே வீட்டில் பதிவுசெய்த டிவிடி வைத்திருப்போர், அது ஓடுகிறதா இல்லையா என்று பாராமல், டிரைவ்கள் கிடைக்கும் இப்போதே ஒவ்வொரு வட்டுக்கும் பிம்பக் கோப்பு எடுத்துவிட வேண்டும். பிழை காட்டிய வட்டை, குறைந்தது இரண்டு டிரைவ்களிலாவது முயன்று பார்க்கும்வரை குப்பையில் போடக் கூடாது.