வாலிபர் தேக நலம்

செஞ்சியில் ராஜகிரியின் அடிவாரத்திலே, கல்யாண மகாலை அடுத்து, நெற்களஞ்சியமும் தேகப்பயிற்சிக் கூடமும் இன்றும் நிற்கின்றன. கோட்டை காப்போருக்கு உணவும் வேண்டும், பயிற்சியும் வேண்டும் என்று அன்றையோர் அறிந்திருந்தனர். 2025-ல் இக்கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது கண்டு மகிழ்ந்தோம். கல்லைக் காக்கும் தேசம் வாலிபரின் தேகத்தைக் காக்கிறதா?

மெலிந்தவனுக்கு நீரிழிவும் இருதய நோயும் வாரா என்பது நம்மவர் நம்பிக்கை. அது தவறு. புனே வைத்தியர் யாக்னிக், லண்டன் வைத்தியர் யுட்கினோடு தம்மையே ஒப்பிட்டு 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3 தான். தேகக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம்!

தராசு இவ்வேற்றுமையைக் காட்டாது. வயிற்றினுள் சேரும் கொழுப்பே இன்சுலினின் வேலையைக் கெடுத்து, இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்கு நீரிழிவு உண்டென இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது.

ஆகவே பள்ளிகளில் உயரமும் எடையும் குறித்தால் மட்டும் போதாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி அளத்தல் வேண்டும். அவ்வளவு உயரத்தில் பாதிக்குக் குறைந்திருப்பதே க்ஷேமம். நாடாவின் விலை அற்பம்.

அளந்தபின் சும்மா இருத்தலும் தகாது. விளையாட்டு வகுப்பைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பிள்ளைகள் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும். சர்க்காரும் பெற்றோரும் இதில் தாமதம் செய்யலாகாது.