செல்லும் வயதும் – 9: பிடரியின் வயது

வயல் வேலையிலேயே அறுபதைக் கடந்த ஒருவரின் பிடரித் தோல் தடித்து, கறுத்து, குறுக்கும் நெடுக்குமாக ஆழமான கோடுகள் விழுந்து கிடக்கும். அவருடைய மேல்கையின் உட்பக்கமோ சற்று மெலிந்து, நுண்ணிய சுருக்கங்களோடு மட்டும் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல்தான். இந்த வேறுபாட்டில் பெரும்பங்கு வெயிலுக்கு உரியது. கம்பம் பள்ளத்தாக்கில் குனிந்து நாற்று நடுபவருக்கும், வைகை அணையின் நீர்ப்பரப்பில் மீன் பிடிப்பவருக்கும் அது நேரே இறங்கும் இடம் பிடரி. உருமால் கட்டு தலையைக் காக்கும், பிடரியைக் காக்காது.

தோலின் மேலடுக்குச் செல்கள் சில வாரங்களில் உதிர்ந்து புதிதாகிவிடும். சுருக்கத்தின் வேர் அதற்குக் கீழே. அங்குள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்தான் தோலுக்கு உறுதி தரும் கொலாஜனையும் நெகிழ்வு தரும் எலாஸ்டினையும் உருவாக்குகின்றன. மனித ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை ஆய்வகத்தில் வளர்த்தால், சுமார் 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகின்றன என்று லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் 1961இல் காட்டினார்கள். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனியான டெலோமியர் குறைவதே அதற்குக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது.

நின்ற செல் சாவதில்லை. தொல்லை அங்கேதான். அது உயிரோடு இருந்தபடியே அழற்சியைத் தூண்டும் பொருள்களையும், கொலாஜனை வெட்டும் நொதிகளையும் சுரக்கிறது. பக்கத்துச் செல்களும் கெடுகின்றன. வயது ஏற ஏற மனிதத் தோலில் இத்தகைய செல்கள் கூடுவதை ஜூடித் காம்பிசியின் குழு 1995இல் வெளிப்படுத்தியது.

உடலுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் அடிக்கடி பிரிவதில்லை. ஆனால் செல் நிற்க டெலோமியர் தேயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புற ஊதாக் கதிர் டிஎன்ஏவைச் சேதப்படுத்தினாலே செல் நின்றுவிடலாம். புற ஊதா ஏ கதிர் உள்ளடுக்குவரை இறங்கும், சாதாரணக் கண்ணாடியையும் கடக்கும். 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கருக்கு, ஜன்னல் பக்கமான இடது கன்னம் மட்டும் பெரிதும் சுருங்கியிருந்ததை 2012இல் ஒரு மருத்துவ இதழ் படத்தோடு வெளியிட்டது. நம் ஊர் ஓட்டுநருக்கு ஜன்னல் வலப்பக்கம்.

வைகை அணை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 10 டிகிரி வடக்கே. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். ஆடியில் கம்பம் பக்கம் சாரலும் காற்றுமாக இருப்பதால் வெயில் உறைக்காது. ஆனால் புற ஊதாக் கதிருக்குச் சூடு கிடையாது. மெல்லிய மேகத்தைத் தாண்டி அது வந்துகொண்டே இருக்கும். கருந்தோலின் மெலனின் இதில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. அதனால் இங்கே சுருக்கம் தாமதமாகத்தான் விழும், கருந்திட்டுகள் முந்திக்கொள்ளும்.

களை எடுக்கும் பெண்கள் சேலைமேல் போட்டுக்கொள்ளும் முழுக்கைச் சட்டை நல்ல பாதுகாப்பு. விளம்பரங்களில் வரும் கொலாஜன் கிரீம் அந்த அளவுக்குக்கூட உதவாது: கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரியது. ஆதாரம் உள்ள பூச்சு மருந்து ட்ரெட்டினாயின். அதுவும் நின்ற செல்லை மீண்டும் பிரிய வைப்பதில்லை. வெட்டும் நொதிகளை அடக்கி, புதுக் கொலாஜன் உருவாகத் தூண்டுகிறது. மருத்துவர் சொல்லி மட்டுமே பூச வேண்டிய அந்த மருந்தைக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.