நிலத்துக்குக் கீழே வேலி இல்லை

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. வெள்ளம் வடிந்து சில நாட்களிலேயே காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாக ஆட்கள் வைத்தியசாலைக்கு வரத் தொடங்கினார்கள். டிசம்பர் நடுப்பகுதிக்குள் ஏழு பேர் இறந்துவிட்டார்கள். இருபது வயதுகளில் இருந்தவர்களும் அவர்களில் அடக்கம். "மர்மக் காய்ச்சல்" என்று ஊரெல்லாம் பேச்சு. பரிசோதனை முடிவு வந்தபோது அது எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது.

எலிக்காய்ச்சல் எங்களுக்குப் புதிய நோயல்ல. அதற்கு மருந்து இருக்கிறது. வருமுன் காக்கும் குளிசையும் இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அதை இலவசமாகவே தருகிறார்கள். இத்தனையும் இருந்தும் ஏழு வீடுகளில் செத்தவீடு நடந்தது. அடுத்த மாரிக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவற்றை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

ஒரே தண்ணீர்

ஒரு முழ நிலத்துக்காகத் தலைமுறை கடந்து வேலி வழக்குப் பேசிய குடும்பங்கள் எங்கள் ஊர்களில் எத்தனையோ. கதியால் நட்டுக் கிடுகு கட்டி அடைத்தோம். இப்போது மதிலும் எழுப்பிவிட்டோம். ஆனால் எல்லை எல்லாம் நிலத்துக்கு மேலேதான். கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமான அந்தப் பாறைக்குள் மழைநீர் விறுவிறென்று இறங்கும், பக்கவாட்டிலும் ஓடும். மண் வடிகட்டித் தரும் என்று நம்பியிருக்க முடியாது.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும்தான் ஓடுகிறது. குடிக்க, குளிக்க, தோட்டத்துக்கு இறைக்க எல்லாவற்றுக்கும் பரம்பரையாக நிலத்தடி நீரையே நம்பி வாழ்ந்தோம். தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆனாலும் பல வீடுகளுக்கு இன்னமும் கிணறுதான் கதி.

ஆகவே அடுத்த வளவு மலசலகூடக் குழியில் ஊறுவது உங்கள் கிணற்றில் தெரியும். நீங்கள் தோட்டத்தில் அள்ளி எறிந்த யூரியா அடுத்த குறிச்சிக் குழந்தையின் பால்போத்தலில் தெரியும். தன் வீட்டை மட்டும் துப்புரவாக வைத்திருந்து எவரும் தப்பமுடியாத ஊர் இது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனிப் பணிமனைகளும் சட்டங்களும் இருப்பதற்குக் காரணமும் இதுதான்.

எலிக்காய்ச்சல்: மருத்துவரிடம் சொல்லவேண்டிய ஒரு வசனம்

எலி, மாடு, நாய் ஆகியவற்றின் சிறுநீரில் வெளியேறும் கிருமி வயல்நீரிலும் வெள்ளத்திலும் சேற்றிலும் உயிரோடு கிடக்கும். காலில் உள்ள சிறு வெட்டு, சேற்றில் ஊறிப்போன தோல், கண், வாய் இவற்றினூடாக உடலுக்குள் புகும். பெரும்பாலும் ஐந்து நாள் தொடக்கம் இரண்டு கிழமைக்குள் காய்ச்சல் தொடங்கும். கடும் தலையிடி, கெண்டைக்கால் தசையில் தொடமுடியாத நோவு, கண்சிவப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். சிறுநீர் குறைந்தால், கண் மஞ்சளானால், மூச்சு வாங்கினால், இருமலில் இரத்தம் கண்டால் நோய் சிறுநீரகத்தையோ ஈரலையோ நுரையீரலையோ தொட்டுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

தடிமன் காய்ச்சல்தானே என்று பனடோல் போட்டுவிட்டு மூன்று நாள் வீட்டில் படுத்திருப்பதில்தான் ஆபத்து. மருத்துவரிடம் போனதும், அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்: "நான் வயலுக்குள் இறங்கினேன்", அல்லது "வெள்ளத்துக்குள் நடந்தேன்". நோயை நேரத்தோடு கண்டுபிடிக்க அந்த ஒரு வசனம் உதவும்.

வயல் வேலைக்குப் போகிறவர்கள், வாய்க்கால் துப்புரவாக்குகிறவர்கள், மாடு வளர்ப்பவர்கள் சேற்றில் கால்வைக்கும் முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) டொக்சிசைக்கிளின் குளிசை கேளுங்கள். ஆபத்துக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை எடுப்பது அது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஒத்துவராது. எனவே கடையில் வாங்கி விழுங்காமல் பணிமனை ஆலோசனையோடு எடுக்க வேண்டும்.

நுளம்பு உப்புத்தண்ணீருக்கும் பழகிவிட்டது

டெங்கு என்றால் 2017ஐ இலங்கையில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடத்தில் நாடு முழுவதும் 1,86,000க்கு மேற்பட்டோர் நோயாளிகளாகப் பதிவானார்கள். நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பகுதியில் வடகீழ்ப் பருவமழையோடு, ஒக்டோபர் தொடங்கித் தை மாதம் வரை டெங்கு ஏறும்.

டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் பெருகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ந. சுரேந்திரன் ஆகியோரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்தப் பாடத்தைத் திருத்தி எழுதியது. கரையோரத்தின் உவர்நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை அவர்கள் காட்டினார்கள். பாவிக்காத உவர்க்கிணறு, கரையில் கவிழ்க்காமல் கிடக்கும் பழைய படகு ஆகியவையும் நுளம்புக்கு வீடுதான். கரையோரத்துச் சொந்தங்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும்.

முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒருநாள் வளவைச் சுற்றிப் பாருங்கள்: சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு. தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்தும் கழுவ வேண்டும். அங்கே ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்தக் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் தாண்டுமுன் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதற்கும் முந்தியே. காய்ச்சல் விட்டதும் "சுகமாகிவிட்டது" என்று நிம்மதி அடைகிறோமே, டெங்கில் மிக ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்கும். வயிற்றுநோ, ஓயாத வாந்தி, கைகால் குளிர்தல், மயக்கம் எது வந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990ஐ அழைத்தால் அம்புலன்ஸ் வரும். 2018 ஜூலை முதல் வடக்கிலும் இயங்கும் இச்சேவைக்குக் கட்டணம் இல்லை.

மலேரியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதே ஆண்டின் கடைசியில், இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். சீமெந்துக் கட்டுக் கிணற்றையும் தொட்டியையும் விரும்புவது அது. உங்கள் கிணற்றில் மீன்குஞ்சு விடச் சுகாதாரப் பகுதியினர் வந்தால் தடுக்காதீர்கள். மலேரியா உள்ள நாட்டுக்குப் போய்வந்து காய்ச்சல் கண்டால் மலேரியாப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்; அரசு அதை இலவசமாகச் செய்கிறது.

கொதித்தால் எது போகும், எது போகாது?

நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரி, வயிற்றோட்டம் ஆகியவற்றின் கிருமிகள் மலத்திலிருந்து தண்ணீருக்கு வருகின்றன. நன்றாகக் கொதிக்க வைத்தால் அழியும். வெள்ளம் புகுந்த கிணற்றைப் பி.எச்.ஐ.யிடம் அறிவித்துக் குளோரின் இடச் செய்யலாம். அதுவரை கொதித்தாறிய நீரே குடிநீர்.

நைத்திரேற்று அப்படியல்ல. வெங்காயம், மிளகாய், புகையிலை என்று வருடம் முழுவதும் பயிரிடும் வலிகாமத்துச் செம்மண் நிலத்தில், பல கிணறுகளில் நைத்திரேற்று குடிநீர் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டுவதை 1980கள் முதல் ஆய்வுகள் சொல்லிவருகின்றன. உரமும் எருவும் மலக்குழியும் அதற்குக் காரணம். நிறமும் மணமும் இல்லாததால் எவருக்கும் தெரியாது. கொதிக்க வைத்தால் நீர்தான் வற்றும்; நைத்திரேற்று முன்னையிலும் செறிந்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும். உதடும் விரல்களும் நீலம் பாரிக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று மருத்துவமாது வீடுவீடாக வந்து சொல்வதற்கு எங்கள் மண்ணில் இப்படி இன்னொரு காரணமும் உண்டு. மாப்பால் கொடுத்தே ஆகவேண்டிய தாய், முதலில் கிணற்று நீரைப் பரிசோதிக்கட்டும். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்திச் செய்யலாம்.

யாரிடம் போவது?

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்த ஒழுங்கே வளர்ந்து இன்று உங்கள் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையாக நிற்கிறது. நுளம்பு, நீர், உணவகம், தொற்றுநோய் ஆகியவை பி.எச்.ஐ.யின் பொறுப்பு. கர்ப்பம், பிரசவம், குழந்தை வளர்ச்சி, தடுப்பூசி ஆகியவற்றை மருத்துவமாது பார்ப்பார். இவர்களுக்கு மேலே பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். குப்பை, வடிகால், மலக்கழிவு அகற்றல் என்பன மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளின் கடமை.

பி.எச்.ஐ. படலையைத் தட்டினால் வழக்குப் போட வந்தார் என்றே பலர் பயப்படுகிறார்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வளவைப் பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. இடத்தைத் துப்புரவாக வைத்திருப்பது எங்கள் கடமை. ஆனால் அதே பணிமனையிடம் கேட்க எங்களுக்கும் உரிமை உண்டு. பூட்டிய வளவு, வெளிநாட்டில் இருப்பவரின் பாழ்கிணறு, வீதியோரக் குப்பைமேடு ஆகியவற்றால் ஆபத்து என்றால் முறைப்பாடு கொடுங்கள்.

உரிமையை எப்படிக் கேட்பது?

முதலில், எழுத்தில் கேளுங்கள். திகதி, இடம், என்ன குறை என்று தமிழிலேயே எழுதிப் பணிமனையில் கொடுத்து, பிரதியில் ஒப்பமும் முத்திரையும் வாங்குங்கள். தமிழ் அரசகரும மொழி. தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. 1848இல் மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கிய சாமுவேல் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த மண் இது. மருத்துவமனையில் புரியாத மொழியில் ஒன்றைச் சொன்னால், தமிழில் சொல்லும்படி தயங்காமல் கேளுங்கள்.

பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். "எங்கள் கிராம அலுவலர் பிரிவில் எத்தனை கிணறுகள் பரிசோதிக்கப்பட்டன? முடிவு என்ன?" என்று கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒருவரின் உயிர் தொடர்பானதென்றால் 48 மணித்தியாலம். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு உண்டு.

ஊருக்கே தொல்லையான ஒன்றை அகற்றும்படி, குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் கட்டளையிடலாம். அரச நிறுவனம் ஒன்று அடிப்படை உரிமையை மீறினால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம், தொலைபேசி 1996. உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அவகாசக் கணக்கில் சேராது. இது தெரியாமல் நாள் கடத்தி உரிமையை இழந்துவிடாதீர்கள்.

நீதிமன்றம் எங்கே, நாங்கள் எங்கே என்று சலிப்பவர்களுக்குச் சுன்னாகத்தை நினைவூட்டுகிறேன். அங்கே அனல்மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, தென்னிலங்கைச் சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபாய் செலுத்துமாறு அந்த நிலையத்தை இயக்கிய நொதேர்ன் பவர் நிறுவனத்துக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. நான்கு வருடம் காத்திருக்க நேர்ந்தது உண்மை. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீர் நாட்டின் அதியுயர் மன்றத்தில் வழக்காகி வென்றதும் உண்மை.

பொட்டு

முன்பெல்லாம் எவ்வளவு இறுக்கமாக அடைத்த வேலியிலும் ஒரு பொட்டு இருக்கும். நெருப்பெடுக்கவும், கறி கொடுக்கவும், நோய் நொடி என்றால் ஓடிவரவும் அந்த வழி. மதில் வந்தபின் பொட்டு மறைந்துவிட்டது. நிலத்தடியில் இருக்கும் உறவோ மறையவில்லை.

இந்த மாரி தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஒழுங்கையில் ஐந்து வீட்டார் ஒன்றுகூடுங்கள். எந்தக் கிணறு மூடாமல் கிடக்கிறது, எந்தக் குழி கிணற்றுக்கு அருகே இருக்கிறது, யார் வயலுக்குப் போகிறார்கள், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஐந்து பேரும் ஒப்பமிட்டு, திங்கட்கிழமை பி.எச்.ஐ.யின் கையில் கொடுங்கள். ஒரே தண்ணீரைக் குடிப்பவர்கள் ஒரே தாளில் ஒப்பமிடுவதில் என்ன தடை?